கணினியைத் திறந்து பார்த்த பிறகு பணப்பையைத் திறப்போம்

(“வீட்டுக் கணினி: மேம்படுத்துவதா, புதிது வாங்குவதா?” என்ற தலைப்பில் நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில், கணினி பழுதுபார்ப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர், பழைய கணினிக்குச் செலவு செய்வது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதற்குச் சமம் என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. பானை ஓட்டையாக இருந்தால் ஊற்றத்தான் கூடாது. ஆனால் பானை ஓட்டையா, இல்லை மூடியைத்தான் திறக்கவில்லையா என்று யார் பார்த்தது? இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணினி பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கிறேன். “அண்ணே, இது பழசாயிடுச்சு, தூக்கிப்போட வேண்டியதுதானே?” என்று கேட்டு என்னிடம் வந்த கணினிகளில் பல, அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் நன்றாக உழைத்திருக்கின்றன.

ஒரு குடும்பத்தின் கதையிலிருந்து தொடங்குகிறேன். பெயர் வேண்டாம். 2024ஆம் ஆண்டு. தகப்பனார் பேருந்து ஓட்டுநர். மகனுக்குப் பதினாறு வயது. தேர்வு முடிந்த கையோடு மகன் ஒரு தாளை நீட்டியிருக்கிறான். புதிய விளையாட்டுக் கணினி, விலை 2,400 வெள்ளி. “விளையாடுவதற்கு இரண்டாயிரத்து நானூறா?” என்று அப்பா கத்த, மகன் அறைக்கதவைச் சாத்திக்கொள்ள, வீட்டில் மூன்று வாரம் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் அந்த அம்மாதான் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். “அண்ணே, கணினியைச் சரிசெய்ய வேண்டாம். வந்து இவர்கள் இரண்டு பேரையும் சரிசெய்யுங்கள்” என்றார்.

போனேன். அப்பாவைப் பொறுத்தவரை மகன் ஆடம்பரம் கேட்கிறான். மகனைப் பொறுத்தவரை அப்பா கஞ்சன். இரண்டு பேருமே ஒரு காரியத்தைச் செய்யவில்லை. மேசைக்கு அடியில் இருந்த அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

நேயர்களே, இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். எந்தப் பாகம் தடையாக இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் ஒரு காசுகூடச் செலவழிக்காதீர்கள். கண்டுபிடித்த பிறகு அந்தப் பாகத்துக்கு மட்டும் செலவழியுங்கள்.

காசு செலவில்லாத முதல் சோதனை

விளையாட்டு மெதுவாக ஓடுகிறது என்றால் அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். காய்ச்சல் என்று மருத்துவரிடம் போனால் அவர் உடனே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதில்லையே! முதலில் நாடி பிடித்துப் பார்க்கிறார்.

முதலில் தூசு. கணினியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். நம் வீடுகளில் பல கணினிகள் சாமி மேடைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. ஊதுவத்திச் சாம்பலும் வீட்டுத் தூசும் சேர்ந்து மின்விசிறிகளில் கம்பளிபோல் படிந்திருக்கும். காற்றுப் போகாவிட்டால் செயலி சூடேறும். குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விளையாடத் தொடங்கிய பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திணறினால் முதலில் வெப்பத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். மென்மையான தூரிகையும் காற்றடிக்கும் குப்பியும் போதும். ஐந்தாறு ஆண்டு பழைய கணினியாக இருந்தால், செயலிக்கும் அதன் குளிர்விப்பானுக்கும் இடையே பூசியிருக்கும் பசை காய்ந்திருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் பூச சில வெள்ளிதான் ஆகும். வேலை தொடங்குமுன் மின்சாரத்தைத் துண்டியுங்கள். பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள்.

இரண்டாவது, திரையின் கம்பி. இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். கிராபிக்ஸ் அட்டை வாங்கிப் பொருத்திவிட்டு, திரையின் கம்பியை மதர்போர்டில் உள்ள துளையிலேயே செருகி வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். நானூறு வெள்ளி கொடுத்து வாங்கிய அட்டை உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கும். கம்பியை மாற்றிச் செருக அரை நிமிடம் போதும்.

மூன்றாவது, திரையின் அமைப்பு. வினாடிக்கு 144 முறை புதுப்பிக்கும் திரையை வாங்கியிருப்பார்கள். விண்டோஸ் அமைப்பில் அது 60 என்றே இருக்கும். அதை மாற்றினாலே “புதுக் கணினி மாதிரி இருக்கே!” என்பார்கள்.

நான்காவது, இணையம். படம் ஓடுவது திணறுகிறதா, அல்லது நீங்கள் சுட்ட பிறகுதான் எதிரி அசைகிறானா? இரண்டும் வேறு நோய்கள். இரண்டாவது பெரும்பாலும் இணைய இணைப்பின் கோளாறு. வீவக வீட்டில் இணையப் பெட்டி வரவேற்பறையில் இருக்கும், பிள்ளை உள் அறையில் விளையாடுவான். நடுவே கான்கிரீட் சுவர். அதற்குக் கிராபிக்ஸ் அட்டை மருந்தாகாது. ஒரு நீளமான லேன் கம்பி இழுத்துவிட்டாலே தீர்ந்துவிடும்.

தடை எங்கே என்று கணினியே சொல்லும்

இவ்வளவும் செய்த பிறகும் மெதுவாக ஓடினால், கணினியையே கேளுங்கள். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயலி, நினைவகம், வட்டு, கிராபிக்ஸ் அட்டை ஒவ்வொன்றும் எத்தனை விழுக்காடு உழைக்கிறது என்று வரைபடமாகத் தெரியும்.

கிராபிக்ஸ் அட்டை தொடர்ந்து 95 விழுக்காட்டுக்கு மேல் நின்றால் தடை அதில்தான். நினைவகம் நிரம்பி, வட்டு 100 விழுக்காட்டில் நின்றால் ராம் போதவில்லை என்று பொருள். நினைவகத்தில் இடம் இல்லாததால் கணினி வட்டை எழுதி எழுதி அழிக்கிறது, அதனால்தான் படம் நின்று நின்று ஓடுகிறது.

இன்னொரு எளிய சோதனையும் உண்டு. விளையாட்டின் அமைப்பில் படத்தின் தெளிவைக் குறைத்துப் பாருங்கள். வேகம் கூடினால் தடை கிராபிக்ஸ் அட்டை. எவ்வளவு குறைத்தாலும் வேகம் அப்படியே இருந்தால் பெரும்பாலும் தடை செயலி. இந்தச் சோதனை செய்யாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் எதை விற்க விரும்புகிறாரோ அதுதான் உங்கள் கணினியின் நோய் ஆகிவிடும்.

முந்நூற்றைந்து வெள்ளிக் கணக்கு

அந்த ஓட்டுநர் வீட்டுக்கு வருகிறேன். கணினி 2018இல் வாங்கியது. இன்டெல் கோர் ஐ5 8400 செயலி, ஒரே ஒரு 8 ஜிபி ராம், பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராபிக்ஸ் அட்டை. பையனை உட்காரவைத்து விளையாடச் சொன்னேன். அப்பாவையும் பக்கத்தில் அமரவைத்தேன். நினைவகம் 95 விழுக்காடு, வட்டு 100. படம் இரண்டு வினாடிக்கு ஒருமுறை நின்றது.

“தம்பி, நீ கேட்ட 2,400 வெள்ளியில் முதல் 85 வெள்ளியை மட்டும் செலவழித்துப் பார்ப்போமா?” என்றேன். பையன் நம்பவில்லை. அப்பாவும் நம்பவில்லை, ஆனால் தொகை அவருக்குப் பிடித்திருந்தது.

30 வெள்ளிக்கு இன்னொரு 8 ஜிபி ராம் வாங்கினோம். ராம் ஒன்றாக இருந்தால் செயலிக்கு ஒரு பாதைதான். இரண்டு இருந்தால் இரு பாதைகளில் தரவு போகும். ஆகவே கொள்ளளவு கூடுவதோடு வேகமும் கூடும். அடுத்து 55 வெள்ளிக்கு ஓர் எஸ்எஸ்டி. சுழலும் வட்டு வினாடிக்கு நூறு, நூற்றைம்பது மெகாபைட் படிக்கும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஐந்நூறை எட்டும். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எஸ்எஸ்டி போட்டால் விளையாட்டு வேகமாகத் திறக்கும், இடையில் திணறுவது குறையும். ஆனால் வினாடிக்கு ஓடும் படங்களின் எண்ணிக்கை அதனால் பெரிதாகக் கூடாது. கூடும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

திணறல் நின்றது. ஆனால் வினாடிக்கு 35, 40 படங்களுக்கு மேல் போகவில்லை. இப்போது டாஸ்க் மேனேஜரில் கிராபிக்ஸ் அட்டை 99 விழுக்காடு காட்டியது. தடை இடம் மாறிவிட்டது. ஒரு மாதம் பொறுக்கச் சொன்னேன். அந்த மாதத்தில் பையன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அட்டைகளின் விலை, மின் தேவை, நீளம் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தான். கணக்குப் பாடத்தில்கூட அவன் இவ்வளவு எழுதியதில்லை என்றார் அம்மா.

கடைசியில் 190 வெள்ளிக்கு ஆர்எக்ஸ் 6600 அட்டையைப் பழையதாக வாங்கினான். அதற்கு 132 வாட் மின்சாரம் வேண்டும். பழைய அட்டைக்கு 75 வாட் போதும். பெட்டியில் இருந்தது பெயர் தெரியாத பவர் சப்ளை. ஆகவே தரமான 550 வாட் பவர் சப்ளைக்கு 75 வெள்ளி. மொத்தம் கூட்டிப் பாருங்கள்: 30, 55, 190, 75. ஆக 350 வெள்ளி. பழைய அட்டையை 45 வெள்ளிக்கு விற்றான். கையிலிருந்து போனது 305 வெள்ளி. விளையாட்டு வினாடிக்கு 80 படங்களுக்கு மேல் ஓடியது.

இது 2024ஆம் ஆண்டு விலை. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் தேவையால் நினைவகச் சில்லுகளின் விலை உலகமெங்கும் கடுமையாக ஏறியது. ஆகவே தொகையை மனப்பாடம் செய்யாதீர்கள், வரிசையை மனத்தில் வையுங்கள். விலை ஏறும்போதுதான், தேவையில்லாததை வாங்காமல் இருப்பது இன்னும் முக்கியம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

பவர் சப்ளைக்கு எதற்கு 75 வெள்ளி, இருப்பதே ஓடுகிறதே என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி. பெட்டிக்குள் இருக்கும் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் கொடுப்பது அது ஒன்றுதான். மட்டமான பவர் சப்ளை கெடும்போது தனியாகக் கெடாது. மதர்போர்டையும் அட்டையையும் சேர்த்துக் கொண்டுபோகலாம். ஸ்டிக்கரில் 600 வாட் என்று போட்டிருப்பதால் 600 வாட் கொடுத்துவிடாது. நம்பகமான தயாரிப்பாளரா, எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று பாருங்கள். “80 பிளஸ்” என்பது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் பயன்படுத்துகிறது என்பதற்கான சான்று. பாதுகாப்புக்கான சான்று அன்று. இன்னொன்று: பவர் சப்ளை பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

பொருந்துமா என்று பாருங்கள்

அடுத்து, வாங்கும் பொருள் பொருந்த வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ராம்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. வெட்டு வேறு இடத்தில் இருக்கும். செயலியில் இன்னும் கவனம் தேவை. ஏஎம்டியின் ஏஎம்4 மதர்போர்டுகளில் 2017இல் வந்த பலவற்றிலும், பயாஸ் மென்பொருளைப் புதுப்பித்தால், 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியைப் பொருத்த முடிகிறது. இன்டெல்லில் அப்படியில்லை. 2017இல் வந்த எட்டாம் தலைமுறைச் செயலிக்கும் அதற்கு முந்தியதற்கும் துளை ஒரே அளவுதான், ஆனாலும் பழைய மதர்போர்டில் புதியது ஓடாது. ஆகவே மதர்போர்டின் பெயரை எழுதிக்கொண்டு, தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்த பிறகே செயலியை வாங்குங்கள். அட்டை வாங்கும் முன் பெட்டிக்குள் நீளத்தையும் அடிக்கோல் வைத்து அளந்துவிடுங்கள்.

பழைய பொருள் வாங்குவது பற்றியும் ஒரு சொல். 2022 செப்டம்பரில் எத்தீரியம் மின்னிலக்க நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதைத் தோண்டப் பயன்பட்ட ஏராளமான அட்டைகள் பழைய பொருள் சந்தைக்கு வந்தன. இரவு பகலாக ஓடிய அட்டை எல்லாமே கெட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தேக்கா சந்தையில் கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்கும் நாம், சாலையைத் தாண்டி சிம் லிம் ஸ்குவேருக்குப் போனதும் ஏன் கூச்சப்படுகிறோம்? இருபது நிமிடம் விளையாட்டு ஓடட்டும். மின்விசிறி சத்தம் போடுகிறதா, திரையில் புள்ளிகள் வருகின்றனவா என்று பாருங்கள். மூன்று கடையிலாவது விலை கேளுங்கள். ரசீது இல்லாமல் நகராதீர்கள்.

இந்தச் சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 2012 செப்டம்பர் முதல் நாள் முதல் சிங்கப்பூரில் நடப்பில் உள்ள விதிப்படி, கடையில் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்த குறை என்றே கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு. கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் இது உண்டு. ஆனால் இணையத்தில் தனிமனிதரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு இல்லை. அப்போது பொருளை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பவே கூடாது.

எப்போது விட்டுவிட வேண்டும்?

நான் எல்லாக் கணினியையும் காப்பாற்றச் சொல்லவில்லை. முதலில் பேசிய நண்பரின் பாதி உண்மைக்கு இங்கேதான் இடம் இருக்கிறது.

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழங்கிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். செயலி, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசை, அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும். சில விளையாட்டுகளும் இப்படிக் கேட்கின்றன. விண்டோஸ் 11இல் வேலரண்ட் விளையாட டிபிஎம் 2.0 தேவை. ஆகவே கணினி அதைவிடப் பழையது, ராமும் டிடிஆர்3 என்றால், அதில் 300 வெள்ளி போடாதீர்கள். அந்தப் பணம் புதிய கணினிக்கு முன்பணமாக இருக்கட்டும். என் கணக்கு எளிது: மேம்படுத்தும் செலவு, அதே வேலையைச் செய்யும் புதிய கணினியின் விலையில் பாதியைத் தாண்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்கழிவுக்கென வைத்திருக்கும் தொட்டியில் சேர்த்துவிடுங்கள்.

“விளையாட்டுக்குப் போய் இவ்வளவு யோசனையா?” என்று சில பெற்றோர் நினைக்கலாம். எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பதைக் கட்டாயம் பேசி முடிவு செய்யுங்கள். அந்த ஓட்டுநரும் அட்டை வாங்கப் போகும் வழியில்தான் மகனிடம் அதைப் பேசினார். அவன் மறுக்கவில்லை. ஒரு மாதம் தன்னோடு உட்கார்ந்து விலை பார்த்த அப்பாவிடம் மறுத்துப் பேச அவனுக்கு மனம் வரவில்லை.

சில மாதம் கழித்து அந்த அம்மா மறுபடியும் அழைத்தார். கணினி கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். “இல்லை அண்ணே, இவன் என் தங்கச்சி வீட்டுக் கணினியைத் திறந்து வைத்திருக்கிறான். அவர் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உங்களுக்கு வேலை போய்விடும்போல் இருக்கிறது” என்று சிரித்தார்.

போகட்டும் நேயர்களே. அப்படிப் போகும் வேலைக்காக நான் வருத்தப்பட மாட்டேன். அடுத்த முறை உங்கள் பிள்ளை ஒரு தாளை நீட்டினால், முடியும் என்றோ முடியாது என்றோ சொல்வதற்கு முன், ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் உட்காருங்கள். எங்கே தடை என்று இரண்டு பேருமாகப் பாருங்கள்.